கார்னர் விழாத ஜனவரி

13.1.2023, வெள்ளி

ஹாக்கி உலகக் கோப்பை, இந்தியாவின் முதல் ஆட்டம், ஒடிசாவின் ரூர்கேலா. ஸ்பெயினை 2-0 என்று ஜெயித்தாகிவிட்டது. அமித் ரோஹிதாஸ் ஒன்று, ஹார்திக் சிங் ஒன்று. கேப்டன் ஹர்மன்பிரீத்துக்குப் பெனால்டி ஸ்ட்ரோக்கே கிடைத்தது. ஆறரை மீட்டர்கூட இல்லாத தூரம், எதிரே கோல்கீப்பர் ஒருவர்தான். அவர் தடுத்துவிட்டார்.

டீக்கடை அண்ணாச்சிக்கு மனசு ஆறவில்லை. "என்ன தம்பி, உங்க ஆளு ஸ்ட்ரோக்கையே விடுதாரு?" கோவில்பட்டியில் டீ ஆற்றுகிறவரும் ஹாக்கி பேசுவார். "ஸ்பெயினுக்கு ஒரு கோல்கூட விழலையே அண்ணாச்சி, அவர் ஃபுல் பேக், கோலைக் காக்கிற பின்வரிசை ஆளுதானே" என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

15.1.2023, பொங்கல்

இங்கிலாந்துடன் 0-0. அவர்களுக்கு எட்டு பெனால்டி கார்னர் (எதிரணி தன் கோல் பக்கம் தப்பு செய்தால் கிடைக்கிற வாய்ப்பு), நமக்கு நாலு. ஒன்றும் விழவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சலிப்பு. எனக்கு நல்ல ஆட்டமாகத்தான் பட்டது. எட்டு கார்னரைத் தடுத்த ஆட்டத்தில் பின்வரிசையைக் குறை சொல்ல முடியாது.

19.1.2023, வியாழன்

வேல்ஸ், புவனேஸ்வர். இங்கிலாந்தை முந்திக் குரூப்பில் முதலிடம் பிடிக்கக் கோல்களைக் குவித்தாக வேண்டும். எல்லோரும் மேலே ஏறியே ஆடினார்கள். 2-0 என்று இருந்தது, மூன்றாவது குவார்ட்டர் முடிவதற்குள் இரண்டு கார்னரில் 2-2. அப்புறம் ஆகாஷ்தீப் காப்பாற்றினார். 59-வது நிமிடத்தில் ஹர்மன்பிரீத்தின் முதல் கோல், 4-2. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆறு கோல் போட்டவருக்கு இங்கே முதல் கோல் மூன்றாவது ஆட்டத்தின் முடிவில்தான்.

22.1.2023, ஞாயிறு, இரவு 12 மணி

தூக்கம் வரவில்லை. நியூசிலாந்துடன் 2-0, 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு 3-3. ஷூட்-அவுட்டில் 5-4 என்று போச்சு, கோப்பையும் போச்சு. பத்து கார்னரில் விழுந்தது இரண்டுதான், அதிலும் கேப்டன் பெயரில் ஒன்றும் இல்லை. அவர்கள் போட்ட கடைசி இரண்டு கோலுமே கார்னர்.

கார்னர் அடிக்கிற ஃபுல் பேக்கின் பாடு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. எதிரணி கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டமான டி-யின் உச்சியில் நின்று, பந்தை மட்டையால் சுண்டி ஃப்ளிக் பண்ணுகிறார். அவர் காக்க வேண்டிய கோல் முதுகுக்குப் பின்னால் எழுபத்தைந்து மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. எதிரணியில் ஐந்து பேர்தான் கோல்கோட்டில், மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் பின்னால். பந்து, தடுக்கப் பாய்ந்து வருகிற ரஷ்ஷரின் மட்டையில் பட்டுத் தெறித்து வெளியே வந்தால் நம் கோலுக்கு அவர்கள்தான் பக்கம். விழுந்தால் கைதட்டல், விழாவிட்டால் ஓட்டப்பந்தயம். பத்து கார்னர் என்றால் பத்து முறை இடுப்பை முறுக்கி ஃப்ளிக் பண்ணிவிட்டு ஓடி வர வேண்டும்.

ஓட்டத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், மண்டைதான் சமாளிக்க விடாது. அவர் மனதில் என்ன ஓடியதோ, என் கதை எனக்குத் தெரியும். கல்லூரியில் ஒரு அரையிறுதி. மூன்று கார்னர் விட்டிருந்தேன். மூன்றாவது, ஸ்டாப்பர் நிறுத்திய பந்து என் மட்டையில் சரியாக ஒட்டவேயில்லை. திரும்பி ஓடும்போது அந்த ஒட்டாத பந்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். இடது விங்கில் ஒரு ஒல்லிப் பையன் வந்தான். மட்டையைத் தரையோடு வைத்துக் கூடவே ஓடி ஓரமாய்த் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். பந்தைப் பறித்து நானே மேலே கொண்டுபோய் இன்னொரு கார்னர் வாங்கிவிடலாம் என்று பாய்ந்தேன். என் மட்டைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனான். கோல். போட வேண்டிய கடன் பாக்கி இருக்கிறது என்று நினைக்கிற ஃபுல் பேக் காவல் காக்க மாட்டான், வேட்டைக்குக் கிளம்பிவிடுவான்.

26.1.2023, குடியரசு தினம்

ஜப்பானுடன் 8-0. ஹர்மன்பிரீத் இரண்டு. இனி ஒன்பதாவது இடத்துக்குத்தான் போட்டி. அண்ணாச்சி டிவியே போடவில்லை.

28.1.2023, சனி

தென்னாப்பிரிக்காவுடன் 5-2. பதினொன்றாவது நிமிடத்திலேயே கேப்டன் கோல். மொத்தம் நாலு ஆகிவிட்டது. கோப்பைக்கு வாய்ப்பு இருந்தவரை ஒன்று, போன பிறகு மூன்று.

29.1.2023, ஞாயிறு

காலையில் பையன்களுக்குப் பயிற்சி. கார்னர் தவறினால் ஃப்ளிக் பண்ணினவன் நடுக்கோட்டைத் தாண்டி ஓடி வந்து எதிரே வருகிறவனை மடக்க வேண்டும் என்றேன். ஆறாவது ஓட்டத்தில் மூச்சு வாங்க ஒருவன் கேட்டான்: "சார், கோல் விழுந்தா ஓட வேண்டாம்ல?"