எந்த சா-விலிருந்து அளந்தாய்?

மூன்று நாளாக என் நோட்டில் ஒரே ஆன்டெனாவுக்கு இரண்டு இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) இருந்தன. சிமுலேஷனில் 20 − ஜே30 ஓம்; முதல் எண் மின்தடை, ஜே-யோடு வருவது ரியாக்டன்ஸ். வி.என்.ஏ. என்ற அளவுக் கருவியில் அளந்தால் 15 − ஜே12. இரண்டுமே 434 மெகாஹெர்ட்ஸில் எடுத்தவை, பலகையும் ஒன்றுதான். மின்தடையில் 5 ஓம் வித்தியாசம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ரியாக்டன்ஸ் பாதிக்கும் கீழே இறங்கியிருந்ததை விட மனம் வரவில்லை.

கணக்கும் அளவீடும் முரண்பட்டால் அளவீட்டின் பக்கம் நிற்பது என் வழக்கம். அதனால் 15 − ஜே12 என்பதையே வைத்து, ஆன்டெனாவை 50 ஓமுக்குப் பொருத்தும் மேட்சிங் கணக்குப் போட்டேன். தொடரில் 13 நானோஹென்றி சுருள், 50 ஓம் பக்கத்தில் தரைக்கு 11 பிக்கோஃபாரட். தாளில் அழகாக 50 ஓம் வந்தது. சால்டர் செய்து பார்த்தால் ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் அலை எவ்வளவு குறைந்தது என்ற அளவு, கூடினால் நல்லது) 7 டெசிபலைக்கூடத் தொடவில்லை. மேட்சிங் எதுவும் இல்லாதபோதே 5 டெசிபல் இருந்தது. நான் எதிர்பார்த்தது 20க்கு மேல்.

வழக்கமான சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டேன். கால்குலேட்டர் ரேடியனில் நிற்கிறதா? இல்லை. ஜே-க்கு முன்னால் குறி மாறியதா? இல்லை. தொடர் வடிவமும் இணை வடிவமும் குழம்பியதா என்றும் பார்த்தேன். இந்த இடத்தில் நிறைய பேர் வழுக்குவார்கள். 20 − ஜே30 என்ற தொடர் இம்பிடன்ஸை இணையாக எழுதினால் 65 ஓம் மின்தடையும் −ஜே43 ரியாக்டன்ஸும் வரும். பார்த்தால் வேறு பொருள் போல இருக்கும், ஆனால் ஒன்றேதான். என் பிரச்சினை அதுவும் இல்லை. 15-ம் 12-ம் எந்த வடிவ மாற்றத்திலும் கிடைக்கவில்லை.

இப்படி முட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்கு ஆலாபனைதான் வேண்டும். கீர்த்தனை வைத்தால் சொற்கள் வந்து கணக்கின் நடுவே உட்கார்ந்துகொள்ளும். தனி ஆவர்த்தனம் ஓடினால் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிடும். ஆலாபனையில் தாளமும் இல்லை, சொல்லும் இல்லை. எங்கே போகப் போகிறது என்று காத்திருந்தால் போதும். அன்று இரவு ஹெட்போனில் வயலின், மோகனம். வாசித்தவர் ரிஷபத்தில் வந்து நின்றார். நின்றவர் அங்கிருந்தே சுற்ற ஆரம்பித்தார். சில நொடிகள் என் காதில் மோகனம் இல்லை, மத்யமாவதி ஒலித்தது. அப்புறம் தம்புரா மெல்ல இழுத்து மறுபடி மோகனத்தில் கொண்டுவந்து விட்டது. கிரக பேதம்: அதே ஸ்வரங்களை, வேறொரு ஸ்வரத்தை சா-வாக வைத்துக் கேட்க வைப்பது. எத்தனை முறை கேட்டாலும் அந்த நொடியில் உடம்பு சிலிர்க்கும் எனக்கு.

கேட்டு முடிப்பதற்குள் அக்கா போன் செய்தாள். அவள் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். என் வேலையைப் பற்றி அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கம். ஒரே ஆன்டெனா, இரண்டு விடை என்று புலம்பினேன்.

"ரெண்டையும் ஒரே சா-விலிருந்துதான் எடுத்தியாடா?" என்றாள்.

அவளுக்கு அது சாதாரணக் கேள்வி. ஒருவர் ஸ்வரம் சொன்னால் ஆதார ஷட்ஜம், அதாவது சா, எது என்றுதான் முதலில் கேட்பாள். நான் "அப்புறம் பேசறேன்க்கா" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்தேன்.

மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ரி-யை சா ஆக்கினால் மத்யமாவதி. க-வை ஆக்கினால் ஹிந்தோளம். ப-வை ஆக்கினால் சுத்த சாவேரி. ஸ்வரங்கள் நகரவில்லை, எண்ணத் தொடங்கும் இடம்தான் நகர்ந்தது. இம்பிடன்ஸைப் புள்ளியாகக் குறிக்கும் வட்ட வரைபடமான ஸ்மித் சார்ட்டிலும் இழப்பில்லாத 50 ஓம் கம்பிவழியில் நகர்ந்தால், புள்ளி நடுமையத்தைச் சுற்றி வட்டமடிக்கும். இம்பிடன்ஸ் மாறிக்கொண்டே போகும், மையத்திலிருந்து உள்ள தூரம் மாறாது. அந்தத் தூரத்தை இரண்டு எண்களுக்கும் கணக்கிட்டேன். 20 − ஜே30க்கு 0.56. 15 − ஜே12க்கும் 0.56. இரண்டுக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகிதம்) 3.5.

அப்போது இரவு பன்னிரண்டு தாண்டியிருந்தது, ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு விடையும் சரி!

வி.என்.ஏ.வை நான் கேபிளின் முனையில் காலிபரேட் செய்திருந்தேன், அதாவது அது அளக்கத் தொடங்கும் இடம் அந்த முனை. பலகையின் கனெக்டரிலிருந்து மேட்சிங் பாகங்களைப் பற்றவைக்கும் பேட் வரை சுமார் 20 மில்லிமீட்டர் தடம் இருக்கிறது. 434 மெகாஹெர்ட்ஸுக்கு வெற்றுவெளியில் அலைநீளம் 69 சென்டிமீட்டர், எஃப்.ஆர்.4 பலகையின் தடத்தில் அது ஏறக்குறைய 38. அப்படியானால் 20 மில்லிமீட்டர் என்பது 19 டிகிரி. அலை போய்த் திரும்பி வருவதால் சார்ட்டில் 38 டிகிரி சுழற்சி. "இத்தனை குட்டித் தடம் என்ன செய்துவிடும்" என்று நினைத்திருந்தேன். 30 ஓம் ரியாக்டன்ஸை 12 ஆக்கிக் காட்டுமளவு செய்திருக்கிறது. சிமுலேஷன் பேட்டிலிருந்து பார்த்தது, கருவி கனெக்டரிலிருந்து பார்த்தது. நானோ கனெக்டரில் கிடைத்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு, பாகங்களைப் பேட்டில் பொருத்தியிருந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக இரண்டு பாகங்களையும் கழற்றி, பேட்டைத் தரையோடு ஷார்ட் செய்தேன். ஷார்ட் என்றால் புள்ளி சார்ட்டின் இடது ஓரத்தில் நிற்க வேண்டும். என்னுடையது மேல்பக்கமாக நகர்ந்து 142 டிகிரியில் நின்றது. கருவி அளக்கத் தொடங்கும் இடத்தைத் தள்ளிவைக்கும் போர்ட் எக்ஸ்டென்ஷனில் ஒருவழித் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். 120 பிக்கோசெகண்ட் அருகில் புள்ளி இடது ஓரத்தில் போய் உட்கார்ந்தது. ஷார்ட்டை எடுத்துவிட்டு ஆன்டெனாவை அளந்தேன். 21 − ஜே29.

அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

புதுக் கணக்கில் 20 நானோஹென்றியும் 9 பிக்கோஃபாரட்டும் வந்தன. வைத்ததும் 16 டெசிபல். கெப்பாசிட்டருக்கும் அதைத் தரையோடு சேர்க்கும் துளைக்கும் கொஞ்சம் இண்டக்டன்ஸ் உண்டு. அதனால் 9 பிக்கோ கொஞ்சம் பெரிய கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும். 8.2 பிக்கோவாகக் குறைத்தேன். 23 டெசிபல்.

இப்போது நோட்டில் எந்த இம்பிடன்ஸை எழுதினாலும் பக்கத்திலேயே எங்கிருந்து அளந்தது என்று எழுதுகிறேன்: "கேபிள் முனை", "கனெக்டர்", "பேட்". அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "சா-வைக் குறிச்சுக்கிட்டியா, சரி" என்றாள். அன்று இரவு பாதியில் விட்ட மோகனத்தை முதலிலிருந்து வைத்து, நோட்டை மூடிவிட்டுக் கேட்டேன்.