முப்பது யோசனையில் ஒரு கருப்பொருளைப் பிடிப்பது எப்படி?

ஓவியத் தேர்வுக்கோ கல்லூரி நுழைவுக்கோ போர்ட்ஃபோலியோ (தங்கள் படங்களின் தொகுப்பு) தயாரிப்பவர்களுக்கு யோசனைப் பஞ்சம் பெரும்பாலும் வருவதில்லை. ஸ்கெட்ச்புக் நிரம்பி வழியும். எதைத் தொடர்வது, எதை விடுவது என்பதில்தான் மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் ஒரு உருவப்படம், ஒரு நிலக்காட்சி, ஒரு அரூப ஓவியம் என்று கதம்பமாகக் கட்டி அனுப்பிவிடுவார்கள்.

அதற்குப் பயந்து 'நினைவுகள்', 'காலம்', 'அடையாளம்' என்று ஒரு பெரிய சொல்லைப் பிடித்துக்கொள்வதும் உதவாது. 'காலம்' என்றதும் கடிகாரமும் சருகும் தானாக வந்து நிற்கும். நான்காவது படத்தில் சரக்கு தீர்ந்துவிடும். தாக்குப்பிடிக்கிற கருப்பொருளில் படத்துக்குப் படம் மாறாத ஒன்றும், மாறிக்கொண்டே போகிற ஒன்றும் இருக்கும். 1830களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் வெளியிட்ட ஃபுஜி மலை வரிசையைப் பாருங்கள். தலைப்பில் 36 காட்சிகள். பிறகு பத்தைச் சேர்த்ததால் மொத்தம் 46. மலை மாறவில்லை. பார்க்கும் இடம், பருவம், முன்னால் நடக்கும் வேலை எல்லாம் மாறுகின்றன. புகழ்பெற்ற பேரலைப் படத்தில் மலை, அலைக்குக் கீழே சின்ன முக்கோணமாக ஒதுங்கிக் கிடக்கிறது. ஆனாலும் வரிசை அறுபடவில்லை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91இல் வரைந்த சுமார் 25 வைக்கோற்போர் ஓவியங்களில் பொருள் அதேதான், வெளிச்சமும் பருவமும் மட்டுமே மாறுகின்றன.

உங்கள் குவியலில் அந்த இரண்டையும் தேட, முதலில் யோசனைகளை நோட்டிலிருந்து வெளியே எடுங்கள். நோட்டுப் பக்கங்களை இடம் மாற்றி அடுக்க முடியாது; அட்டைகளை முடியும். உள்ளங்கை அளவு அட்டைகளில், ஒன்றுக்கு ஒரு யோசனை: ஒரு வரி, கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு கிறுக்கல். முப்பது அட்டையாவது வேண்டும். நல்லது கெட்டது பார்க்காமல் ஒரே அமர்வில் எழுதுங்கள்.

தரையில் பரப்பி அடுக்கினால் முதல் தடவை மனிதர், பொருள், இடம் என்றுதான் பிரியும். அந்தப் பிரிப்பால் பயனில்லை. கலைத்துவிட்டு இரண்டாம் தடவை, 'இதில் என் கண் எங்கே போய் நிற்கிறது?' என்று கேட்டு அடுக்குங்கள். ஓர் உதாரணம்: துருப்பிடித்த பூட்டு, பாட்டியின் கைகள், உரிந்த சுவர், மரப்படியின் குழிந்த விளிம்பு, விளக்கைச் சுற்றும் விட்டில், பளபளப்பேறிய கதவுக் கைப்பிடி, மூலை மழுங்கிய புத்தகம். மேலோட்டமாகப் பார்த்தால் 'பழமை' என்று தோன்றும். உற்றுப் பார்த்தால் பூட்டையும் சுவரையும் காற்றும் ஈரமும் அரித்திருக்கின்றன. படி, கைப்பிடி, புத்தகம் மூன்றும் மனிதர் தொட்டுத் தொட்டுத் தேய்ந்தவை. இங்கே பிடி கிடைத்துவிட்டது. இதைக் கேள்வியாக எழுதுங்கள்: 'ஆளை வரையாமலே, ஆள் தொட்ட இடத்தைக் காட்ட முடியுமா?' மாறாதது தேய்மானமும் ஆள் இல்லாமையும். மாறுவது பொருளும் தொடும் விதமும்.

இந்தக் கேள்வி பாட்டியின் கைகளை வெளியே தள்ளிவிடுகிறது என்பதைக் கவனித்தீர்களா? பெரும்பாலும் அதுதான் ஆகச் சிறந்த ஓவியமாகவும் இருந்து தொலைக்கும். அதை உள்ளே வைப்பதற்காகக் கேள்வியைத் தளர்த்துகிறவர்கள் அதிகம். தளர்ந்த கேள்விக்குள் விட்டிலும் வந்துவிடும், சுவரும் வந்துவிடும். ஒதுக்கியதைத் தனி உறையில் போட்டு வையுங்கள். தனிப்படங்கள் கேட்கும் பகுதி இருந்தால் அங்கே போகட்டும்.

முடிவெடுக்கும் முன் இரண்டு சோதனைகள். கேள்வியை எதிரே வைத்து அரை மணி நேரத்தில் பத்துக் கிறுக்கல்கள் போடுங்கள். நான்கைந்திலேயே நின்றால் கேள்வி குறுகல். எந்தப் பொருளைப் போட்டாலும் பொருந்துகிறது என்றால் அகலம். 'வீட்டுக்குள்', 'ஒரே ஆள் பயன்படுத்தியவை' என ஒரு வேலி சேருங்கள். பிறகு ஏ5 அளவில் மூன்று சிறு படங்களை முழுதாக முடியுங்கள். மூன்றாவதை வரையும்போதே சலித்தால் பதினைந்து படங்கள் கொண்ட ஒரு வரிசை வரை இழுக்க முடியாது. யோசனையாக இருக்கையில் கவர்ச்சியாகத் தெரிந்து, கைவேலையில் செத்துப்போகும் கருப்பொருள்கள் ஏராளம்.

வடிவக் கட்டுப்பாடுகள் இதற்குப் பின்னால்தான். ஒரே தாள் அளவு, ஒன்றோ இரண்டோ ஊடகம் (பென்சில், கரி போன்றவை), வெள்ளையோடு மூன்று நிறம் என்று வைத்துக்கொண்டால் போதும். வரிசை மாறிவிட்டால், அதாவது நீல நிறத்தை முதலில் முடிவு செய்து எல்லாவற்றையும் நீலத்தில் வரைந்தால், பார்க்க ஒரு தொகுப்பு மாதிரி இருக்கும். ஏன் நீலம் என்று கேட்டால் பதில் இருக்காது.

எதிர்த் திசையிலும் சறுக்கலாம். பதினைந்து கைப்பிடிகளை ஒரே கோணத்தில் வரைந்தால் அது பிரதியெடுப்பு. ஒவ்வொரு படமும் முந்தைய படம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: மிக நெருக்கமான ஒரு படம், தேய்ந்த பொருளே இல்லாமல் அதன் அச்சு மட்டும் கரியில் உரசி எடுத்த ஒரு படம் என்று.

முயற்சிகளைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி போட்டுப் படமெடுத்து வையுங்கள். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கான கல்லூரி நிலைப் பாடத்திட்டமான ஏபியின் கலைப் போர்ட்ஃபோலியோவில், ஒரே கேள்வியைத் தொடர்ந்து ஆராயும் 'தொடர் ஆய்வு'ப் பகுதிக்கு 15 படங்கள், மதிப்பெண்ணில் 60 சதவீதம். அதில் செய்முறைப் படங்களும் (வேலை நடந்த விதத்தைக் காட்டுபவை) இடம்பெறலாம், வழிநடத்திய கேள்வியையும் எழுதித் தர வேண்டும். இறுதியில் எல்லாவற்றையும் சிறிதாக அச்செடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். நீக்கியும் எதுவும் குறையாத படத்தை மாற்றி வரைய நேரமிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். கெடுவுக்கு மூன்று வாரம் முன்பாவது.