எடுக்கச் சொன்ன சார்ட்

கண்காட்சிக்கு என் மாணவி எழுதிவந்த சார்ட்டை எடுக்கச் சொன்னது நான்தான். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவள் கேட்டதுதான் காதைவிட்டுப் போகவில்லை.

"இதுல எது சார் தப்பு?"

தப்பு எதுவுமில்லை. சிலிக்கான்-32, ரேடியம்-226 என்ற இரண்டு கதிரியக்க அணுக்களும் சிதையும் வீதம் பூமி சூரியனை நெருங்கி விலகுவதற்கேற்ப ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் ஏறி இறங்குகிறது என்று பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2008 வாக்கில் சொன்னதை எழுதியிருந்தாள். பிறகு மற்ற ஆய்வகங்கள் அளந்து பார்த்து, ஆடியது பெரும்பாலும் கருவிதான், வெப்பமும் ஈரப்பதமும் செய்த வேலை என்றதையும் பொடி எழுத்தில் சேர்த்திருந்தாள். அடியில் சிவப்பு ஸ்கெட்ச்சில் கொட்டை எழுத்து: 'அப்படியென்றால் கார்பன் தேதிகள்?' பழம்பொருளில் கார்பன்-14 எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் காலத்தைத்தான் கேட்டிருந்தாள்.

"தப்பில்லம்மா. ஆனா பாக்க வர்றவங்க பொடி எழுத்தப் படிக்க மாட்டாங்க. கீழடி தேதியே பொய்யாம்னு கடலூர் பூரா சொல்லுவாங்க."

வதந்தி பற்றிய பயம் நியாயமானதுதான். தேதிக்கு என்னவோ ஆபத்தில்லை. கீழடியின் 2,600 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டரை வருஷம். அதுவும் ஆறு மாதம் கூடி ஆறு மாதம் குறைவது கணக்கில் கழிந்துவிடும். கார்பன்-14 பாதியாகக் குறைய ஆகும் காலம், அதாவது அரை ஆயுள், 5,730 வருஷம் என்று தெரிந்தும் ஆய்வகங்கள் இன்னும் இந்த முறையைக் கண்டுபிடித்த லிப்பியின் பழைய 5,568-ஐ வைத்தே முதல் கணக்கைப் போடுகின்றன. வயது தெரிந்த மர வளையங்களோடு ஒப்பிட்டுச் செய்யும் திருத்தத்தில் அந்த வித்தியாசமும் அடங்கிவிடுகிறது. பக்கத்து அரிக்கமேட்டுக்கு இந்தக் கவலையே இல்லை. 1945இல் தொல்லியலாளர் வீலர் ரோமானியப் பானையோட்டை வைத்தே காலம் சொல்லிவிட்டார்.

இதில் பாதியைத்தான் அவளிடம் சொன்னேன். நேரமில்லை, சார்ட் ஒட்டும் அவசரம்.

கண்காட்சியில் ஒரு பெரியவர், "இந்த வீதம் மாறவே மாறாதாம்மா?" என்றார். என்னைப் பார்த்துவிட்டு, "மாறாதுங்க ஐயா" என்றாள். வகுப்பில் அந்த வரிக்கு நானே மார்க் போடுகிறேன். ஆனால் எலக்ட்ரான் அத்தனையையும் உருவிவிட்டால் ரீனியம்-187 என்ற கதிரியக்க அணுவின் 4,200 கோடி வருஷ அரை ஆயுள் 33 வருஷமாகச் சுருங்குவதை ஜெர்மனியில் 1996இலேயே அளந்துவிட்டார்கள். பூமியில் கிடக்கும் பாறைக்கு அந்த கதி வராது, சரி. அதற்காக 'மாறவே மாறாது' என்று சொல்லலாமா? பெரியவரிடம் நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி கீழடியில்தான் வந்து நிற்கும்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் தட்டிக்கொடுத்தார். "நல்லதுதான் பண்ணீங்க சார். சிலபஸ்ல இல்லாதது எதுக்கு?" எனக்குச் சுர்ரென்று வந்தது. என் காரணம் அதுவா? ஆனால் அவள் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு காரணத்துக்கும் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்?