மோச்சி குத்தும் முன் ஹோகென்ஜோவுக்குப் போங்கள்

மோச்சி விழாவில் ஆகச் சுலபமான வேலை மோச்சி குத்துவதுதான், அதாவது வேகவைத்த ஒட்டரிசியை உரலில் இடித்து உருண்டை பிடிக்கும் பதத்துக்குக் கொண்டுவருவது. அதற்கு முந்தைய இரண்டு மாதக் காகித வேலைதான் ஆளைத் தின்றுவிடும். ஜப்பானில் தெருக்காரர்களோடு சேர்ந்து, சர்வதேசப் பரிமாற்ற நிகழ்ச்சியாக இதை நடத்த நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, எங்கள் குழு இடறிய இடங்களை எழுதி வைக்கிறேன்.

முதல் இடறல் ஒரு பெயரில். ஊர் நகராட்சியில் ‘ஹோகென் சென்டா’ என்று ஒன்று இருக்கும். தடுப்பூசி, குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை எல்லாம் அங்கே. உணவுச் சுகாதாரத்தைப் பார்ப்பது அதுவல்ல, ‘ஹோகென்ஜோ’. டோக்கியோவின் 23 வார்டுகளிலும் பெரிய நகரங்களிலும் சொந்த ஹோகென்ஜோ உண்டு. மற்ற ஊர்களில் மாகாண அரசு நடத்துவது, பல ஊர்களுக்குச் சேர்த்து ஒன்று. அது இருப்பது பக்கத்து ஊராகவும் இருக்கலாம். சென்டாவில் எண் சீட்டு எடுத்துக் காத்திருந்து, “இது இங்கே இல்லை” என்ற ஒரு வரியோடு திரும்பியதில் அரைநாள் விடுப்பு போனது.

இரண்டாவது, வரிசையைத் தலைகீழாகப் பிடித்தது. ஊர்ப் பொதுக் கூடமான கோமின்கானில் சமையலறைக்கும் முற்றத்துக்கும் குலுக்கலில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் துண்டறிக்கையை அச்சடித்துவிட்டு, அப்புறம் ஹோகென்ஜோவுக்குப் போனோம். அங்கே முதல் கேள்வி “என்ன சமைக்கிறீர்கள்?” என்பதல்ல, “யார் சாப்பிடுவார்கள்?” என்பது. அதற்கு முந்தைய வாரம் தொலைபேசியில் பேசியவர், குழு உறுப்பினர்கள் மட்டும் என்றால் அறிவிப்புப் படிவம் தேவையில்லை என்றிருந்தார். கவுண்டரில் இருந்தவரோ துண்டறிக்கையில் ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்ற வரியில் விரலை வைத்து நிறுத்திவிட்டார். அந்த ஒரு வரியால் குடும்ப விருந்து பொது நிகழ்ச்சியானது. படிவம், செய்முறை விவரம், உணவைத் தொடுபவர்களின் பட்டியல், கை கழுவும் இடத்தைக் குறித்த வரைபடம் எல்லாம் கேட்டார்கள். தொலைபேசியில் பேசினால் தேதியையும் பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் குறிக்கவில்லை, அதனால் “அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்களே” என்ற பதிலுக்கு மேல் எதுவும் பேச முடியவில்லை.

கோமின்கான் படிவத்தில் ‘விற்பனை’ என்ற சொல்லே வரக்கூடாது. 1949-ஆம் ஆண்டின் சமூகக் கல்விச் சட்டம், 23-ஆம் பிரிவு, லாப நோக்கத்தையும் கட்சி அரசியலையும் மதச் சார்பையும் கோமின்கானுக்கு வெளியே நிறுத்துகிறது. வசூலிப்பதை ‘ஸாய்ர்யோஹி’, அதாவது பொருட்செலவு என்றே எழுதுங்கள், ரசீதுகளை எடுத்து வையுங்கள். (பொங்கல் விழாவுக்கு இடம் கேட்பவர்களும் கவனிக்க: நிகழ்ச்சி நிரலில் பூஜை என்று எழுதினால் இதே பிரிவைக் காட்டிக் கேள்வி வரலாம்.)

தேதியும் யோசித்து எடுக்கவேண்டும். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும், பொதுவாகக் கோமின்கானும் அப்படியே. 29-இல் குத்துவதை ஜப்பானியர்களே தவிர்ப்பார்கள், ஒன்பதின் ‘கு’ துன்பத்தின் ‘கு’ போல ஒலிப்பதால்.

நெருப்புக்குத் தனி வாசல். 2013 ஆகஸ்டில் ஃபுகுச்சியாமா வாணவேடிக்கை விழாவில் ஒரு கடையில் நடந்த வெடிப்பில் மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து, கூட்டம் கூடும் இடத்தில் அடுப்பு வைத்தால் தீயணைப்பான் கட்டாயம். அரிசியை வெளியே வேகவைப்பதானால் தீயணைப்பு நிலையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டு உபயோகத் தீயணைப்பான் செல்லாது, காலாவதித் தேதியையும் பார்ப்பார்கள். காப்பீடு ஷாக்கியோ எனப்படும் சமூகநல மன்றத்தில் பத்து நிமிட வேலை.

இப்போது வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ். குளிர்காலத்தில் ஹோகென்ஜோக்காரர்கள் மோச்சி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பது இதனால்தான். குத்திய மோச்சி பலர் கைபட்ட பிறகு, மறுபடி சூடாகாமல் அப்படியே வாய்க்குப் போகிறது. வைரஸ் பரவும் பெரிய வழி ‘தெமிஸு’, அதாவது மோச்சியைப் புரட்டுபவர் கை நனைக்கும் கிண்ணத் தண்ணீர். நாள் முழுக்க ஒரே கிண்ணத்தில் எல்லாரும் கை விட்டால் ஒருவருக்கு இருப்பது ஊருக்கே போகும். ஒவ்வோர் உரலுக்கும் தண்ணீரையும் கையுறையையும் மாற்றுங்கள். கைக்குத் தெளிக்கும் சாதாரண ஆல்கஹாலுக்கு இந்த வைரஸ் அவ்வளவாக மசியாது. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் கைக்கு மருந்து. மேசைக்கும் தட்டுக்கும் 0.02 சதவீதக் குளோரின் கரைசல்: 5 சதவீதப் பிளீச்சில் 10 மில்லி எடுத்து இரண்டரை லிட்டர் தண்ணீரில் கலக்கவேண்டும். அன்றன்று கலப்பது நல்லது, வைத்திருந்தால் வீரியம் இறங்கிவிடும். மர உரலுக்கு இது வேண்டாம், கொதிநீர்.

உணவைத் தொடுபவர்களுக்கு மலப் பரிசோதனையும் கேட்டார்கள். எல்லா ஹோகென்ஜோவும் கேட்பதில்லை. கேட்டால் கவனியுங்கள்: வழக்கமான ‘கென்பென்’ சால்மொனெல்லா, ஷிகெல்லா, ஓ157 போன்ற பாக்டீரியாக்களுக்கு மட்டும். நோரோவைத் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டவேண்டும். எங்கள் குழு முதலில் அனுப்பியது வெறும் கென்பென். இரண்டாம் முறை அனுப்பி, நிகழ்ச்சிக்கு முந்தைய நாள்வரை முடிவு வராதவர்களைக் கினே என்ற குத்தும் சுத்தியலைப் பிடிக்கவும் வரவேற்பு மேசைக்கும் மாற்றினோம். கினே பிடிப்பவர் மோச்சியைத் தொடுவதில்லையே. இதை அதிகாரியே ஏற்றுக்கொண்டது சின்ன வெற்றி.

பெரிய வெற்றி சாப்பாட்டுப் பட்டியலில். கினாகோ என்ற வறுத்த சோயா மாவு தூவிய மோச்சி, துருவிய முள்ளங்கி போட்ட கராமி மோச்சி இரண்டையும் அடித்துவிட்டு, குத்தியது பார்வைக்கு மட்டும், சாப்பிடக் கடை மோச்சி என்றார்கள். இது என்ன நியாயம்? 2013-இல் யுனெஸ்கோ ஜப்பானிய உணவு மரபான வாஷோகுவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது புத்தாண்டுக்கு மோச்சி குத்துவதையும் குறிப்பிட்டது. ஊர் கூடிக் குத்தியதைக் குப்பையில் போட்டுவிட்டு பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் கொடுப்பதில் என்ன பண்பாட்டுப் பரிமாற்றம்? ஆனால் கவுண்டரில் இதைப் பேசிப் பயனில்லை. “ஏன் கூடாது” என்று கேட்காதீர்கள், “தோ ஷிதரா தெகிமாஸ் கா”, எப்படிச் செய்தால் முடியும், என்று கேளுங்கள். கேட்டதும் அவரே பேனாவை எடுத்தார். கொதிக்கும் ஜென்ஸாய் என்ற இனிப்புப் பயற்றுக் கஞ்சியிலோ ஓஸோனி என்ற மோச்சிச் சாற்றிலோ போட்டு, 85 முதல் 90 டிகிரியில் 90 விநாடிக்குக் குறையாமல் சூடாக்கி, உடனே பரிமாறினால் சரி. குழந்தைகள் குத்திய உரலின் மோச்சியை மட்டும் பரிமாறக்கூடாது.

ஜென்ஸாய்க்கு அஸுகி என்ற சிவப்புப் பயறு ஊறவேண்டாம். முதல் கொதி நீரைக் கொட்டினால் துவர்ப்புப் போகும். பயறு விரலில் நசுங்கிய பிறகே சர்க்கரை, முன்னால் போட்டால் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் விறைத்தே நிற்கும். 1 கிலோவுக்கு 800 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு.

ஓஸோனிதான் சைவர்களுக்குப் பொறி. மோச்சியில் அரிசி தவிர ஒன்றுமில்லை, ஆனால் சாற்றில் கட்சுவோ என்ற உலர்மீன் இருக்கும். ‘காய்கறி’ என்று உறையில் எழுதிய தாஷி என்ற சாற்றுப் பொடியிலும் அது இருக்கலாம். 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு என்ற உலர்ந்த கடற்பாசி, நாலு உலர்ந்த ஷீதாகே காளான் போட்டு இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள், கொதி வருமுன் கொம்புவை எடுத்துவிடுங்கள். முஸ்லிம் விருந்தினர் வந்தால் மிரின் என்ற இனிப்புச் சமையல் மதுவைத் தவிருங்கள், அதில் 14 சதவீத அளவுக்கு ஆல்கஹால். சோயா சாஸ் பாட்டிலில் ‘ஷுஸெய்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் சேர்த்த ஆல்கஹால்தான்.

குத்துவது பற்றிக் கொஞ்சம். மோச்சிக்கோமே என்ற ஒட்டரிசி 3 கிலோ, ஓர் உரலுக்கு. 12 மணி நேரம் ஊறவேண்டும். ஆவிச்சட்டியில் நடுவே குழிவாகப் பரப்பி, 40 முதல் 50 நிமிடம். உரலையும் கினேயையும் முந்தைய இரவே தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் மரம் சிலும்பும். குத்துமுன் உரலில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். உரல் குளிர்ந்திருந்தால் பருக்கை கடைசிவரை பருக்கைதான். எடுத்த எடுப்பில் ஓங்காதீர்கள், சோறு தெறித்துச் சட்டையில் ஒட்டும். உரலைச் சுற்றி நடந்தபடி கினேயால் அழுத்தி அழுத்திப் பாதி மசித்த பிறகுதான் ஓங்குவது. கினே நம் உலக்கை இல்லை, பெரிய மரச் சுத்தியல். ஓரத்தில் பட்டால் சிராய் மோச்சிக்குள் போகும். புரட்டும் கை, ஆட்டுரலில் மாவைத் தள்ளிவிடும் நம் பாட்டிமார் கைதான், அந்த லயம் தெரிந்தவர்களை அங்கே உட்காரவையுங்கள். ஈரம் தொட்டும் தொடாமலும், தண்ணீர் கூடினால் கொழகொழத்துவிடும். 3 கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 4 கிலோ மோச்சி, 25 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 160. அதற்கு மேல் பெரிதாக்காதீர்கள். ஆண்டுதோறும் புத்தாண்டில் முதியவர்கள் தொண்டையில் மோச்சி சிக்கி இறக்கிறார்கள். வயதானவர்களுக்கு அதையும் பாதியாக வெட்டி, முதலில் சாற்றைக் குடிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

கடனாக வாங்கிய உரலைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் மட்டும் தேய்த்துக் கழுவுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிக்கும். நிழலில் கவிழ்த்து, அடியில் இரண்டு கட்டை கொடுத்துச் சில நாள் காயவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.