பாட்டிக்கு முதல் ஒபோன்

சான் ஹோசேயில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஜப்பான் டவுனுக்கு ராமென் சாப்பிடப் போவதும் வருவதுமாகத்தான் இருந்தேனே தவிர, ஃபிஃப்த் ஸ்ட்ரீட்டில் வளைந்த கூரையோடு நிற்கிற புத்தர் கோயிலுக்குள் ஒரு தடவைகூட நுழைந்ததில்லை. போன ஜூலையில் பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டார். அவரைப் பெற்றவர், எங்கள் தெருவில் எல்லோருக்கும் பாட்டி, முந்தைய அக்டோபரில் தவறிவிட்டார். ஒபோன், இறந்தவர்களை நினைத்து ஜப்பானியர்கள் கொண்டாடும் பண்டிகை. ஒருவர் இறந்தபின் வருகிற முதல் ஒபோனுக்கு ‘ஹட்ஸுபோன்’ என்று பெயராம். நம் ஆடி அமாவாசை மாதிரி என்று நானாக முடிவுகட்டி, வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன்.

பாட்டி யோகோஹாமாக்காரர். போர் முடிந்தபின் அமெரிக்கப் படைமுகாம் கடையில் வேலை பார்த்து, அங்கே சாமான் வாங்க வந்த சிப்பாயைக் கல்யாணம் செய்துகொண்டார். சொல்ல ஒரு வரி, நடக்க எத்தனையோ வருடம். ஐரோப்பாவில் மணம் முடித்த சிப்பாய்கள் 1945 சட்டத்தைக் காட்டி மனைவியைக் கூட்டிப்போக, ஜப்பானில் மணந்தவர்களை 1924-ன் குடியேற்றச் சட்டம் மறித்தது. 1947-ல் கதவைக் கொஞ்சம் திறந்து உடனே மூடினார்கள். 1952-ல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. அப்படி வந்து சேர்ந்த பெண்கள் சுமார் 45,000 பேர் என்பார்கள். செஞ்சிலுவைச் சங்கம் அங்கேயே வகுப்பு வைத்து, கேக் செய்யவும் குதிகால் செருப்பில் நடக்கவும் சொல்லிக்கொடுத்து அனுப்பியது. ஊரில் அவர்களுக்கு இருந்த பெயர் ‘சென்ஸோ ஹனயோமே’, போர் மணப்பெண். நல்ல அர்த்தத்தில் யாரும் சொன்னதில்லை. பாட்டி அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே மாட்டார்.

1954-ல் கப்பலேறியபோது அவருடைய அப்பா துறைமுகத்துக்கு வரவில்லை. அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் அமிதா புத்தர் படச்சுருள் ஒன்றையும், கட்டைவிரல் உயரப் பித்தளைக் கிண்ணம் ஒன்றையும் கிமோனோ மடிப்புக்குள் வைத்து அனுப்பினார். தாத்தாவுக்கு ஊர் மிசிசிப்பி. வெள்ளைக்காரருக்கும் ஜப்பானியருக்கும் நடந்த கல்யாணம் அந்த மாநிலத்தில் செல்லாது. கலிபோர்னியாவில் அந்தத் தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1948-லேயே நீக்கியிருந்ததால் இங்கேயே தங்கிவிட்டார்கள். பாட்டி மாமியார் வீட்டு வாசலை மிதித்தது, நாடு முழுக்க அந்தச் சட்டங்கள் விழுந்த 1967-க்கு அப்புறம்தான். போகும்போது கேக் செய்து எடுத்துப்போனாராம்.

ஞாயிற்றுக்கிழமை கணவரோடு சர்ச். மற்ற நாட்களில் அடுக்களை அலமாரியின் மேல் தட்டு, சர்க்கரை டின்னுக்குப் பின்னால், அமிதா. காலையில் வடித்த சோற்றில் முதல் கரண்டி அந்தக் கிண்ணத்துக்கு. “சின்ன வயதில் அதை அம்மாவின் சொப்பு என்றுதான் நினைத்தேன்” என்றார் மகள்.

கோயில் இரண்டு மைல் தூரத்தில்தான். ஆனாலும் பாட்டி போனதில்லை. இந்த ஊர் ஜப்பானியக் குடும்பங்கள், போரின்போது 1942-ல் அமெரிக்க அரசாங்கம் முகாம்களில் அடைத்த ஜப்பானிய வம்சாவளியினர் 1,20,000 பேரோடு போய், வீடு வாசல் இழந்து திரும்பியவர்கள். அடைத்த அரசாங்கத்தின் சிப்பாய் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நடுவே எப்படிப் போய் உட்காருவது? யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கே கால் வரவில்லை. தாத்தா காலமான பிறகுதான் படியேறினார். கதவோரம் கடைசி பெஞ்சு. அப்புறம் இருபது வருடம் அதே இடம்.

நாங்களும் அங்கேயே உட்கார்ந்தோம். 1937-ல் கட்டிய மண்டபம். சர்ச் மாதிரி வரிசை பெஞ்சுகள், முன்னால் தங்க நிறச் சன்னிதி. அமிதா உட்காரவில்லை, நின்றுகொண்டு லேசாக முன்னால் சாய்ந்திருக்கிறார். கூப்பிடுவதற்குள் கிளம்பிவிட்டவர் என்று அர்த்தமாம். ‘நமோ அமிதா புட்ஸு’ என்று எல்லோரும் சொன்னபோது, நம்முடைய ‘நமோ’தான் அது என்று காதுக்குப் பிடிபட எனக்கு இரண்டு சுற்று ஆனது. இங்கே வேண்டுதல் கிடையாது, நன்றி சொல்வது மட்டும்தான். எனக்கு அது வரவில்லை. பழக்கதோஷத்தில் மகனின் விசாவுக்கு ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

பேர் வாசித்தார்கள். இறந்தவருக்கு வைக்கும் தர்மப் பெயர் ‘ஷாகு’ என்று, சாக்கியரின் குலப்பெயரில், ஆரம்பிக்கிறது. பாட்டியின் பெயர் வந்ததும் மகள் எழுந்தார், நானும் பின்னாலேயே போனேன். தூளான சாம்பிராணி மாதிரி ஒன்றை ஒரு சிட்டிகை எடுத்துத் தணலில் போட வேண்டும், அவ்வளவுதான். என் கை தானாகக் கண்ணுக்குப் போய் ஒற்றிக்கொண்டது. இங்கே அப்படிச் செய்வதில்லையாம். பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒபோன் கதையை அன்று சொன்னார்கள். புத்தரின் சீடர் மொகல்லானர் ஞானக்கண்ணால் பார்க்கிறார், செத்துப்போன அம்மா பசிப்பேயாகத் தவிக்கிறாள். புத்தர் சொன்னபடி துறவிகளுக்கு அன்னம் இட்டதும் அவள் கரையேற, இவர் சந்தோஷத்தில் ஆடிவிட்டார். அவள் செய்த பாவமெல்லாம் பிள்ளைக்காகத்தான் என்றார் உபதேசம் செய்தவர். பக்கத்து வீட்டு அம்மா கைக்குட்டையைத் தேடினார்.

பண்டிகை அன்று சாயங்காலம் தெருவையே வளைத்து ஆட்டம். டெரியாகி சிக்கன் வரிசை நகர்கிற வழியாக இல்லை, விட்டுவிட்டோம். கியூஷு சுரங்கத் தொழிலாளர் ஆட்டம் ஒன்று: மண்வெட்டியால் தோண்டி, கரியைத் தோளுக்குப் பின்னால் எறிந்து, வண்டியைத் தள்ள வேண்டும். எல்லோரும் தள்ளும்போது நான் தோண்டிக்கொண்டிருந்தேன். “அம்மா இதைக் கரண்டியோடு அடுப்படியில் ஆடுவார்” என்றார் மகள், கையை நிறுத்தாமல்.

மறுநாள் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அலமாரி திறந்திருந்தது. கிண்ணத்தில் கினோவா. “அரிசி தீர்ந்துபோச்சு. அம்மா இருந்தால் திட்டியிருப்பார்.” வீட்டுக்கு ஓடிப்போய் அப்போதுதான் வடித்த பொன்னிச் சோற்றைக் கொண்டுவந்தேன். தாமரை மொட்டு மாதிரி குவித்து வைக்க வேண்டுமாம். பொன்னி ஒட்டாதே. அவர் கையை நனைத்து ஒரு தரம் பிடித்தார், உதிர்ந்தது. மறுபடி பிடித்தார்.