அந்த நீரில் ஒன்றும் இல்லையா?

"மேலே நிற்கிற நீரை ஏன் எடுத்துவிடுகிறீர்கள், டாக்டர் சாஹிப்? அதில் ஒன்றும் இல்லையா?" என்று ஒட்டகம் வளர்க்கும் ராய்கா சமூகத்துப் பெரியவர் கேட்டார். செயற்கைக் கருவூட்டலுக்காக ஒட்டக விந்தைச் சுற்றிப் பிரித்திருந்தோம்.

"இருக்கிறது, பாபா. அந்த வேலையை ஊசி செய்துவிடும்" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் பீகானேரில் குளிர் இறங்கி, ஆண் ஒட்டகங்கள் வாயில் நுரை தள்ளத் தொடங்கினால், அந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடுகிறது.

அன்று கிடைத்தது ஒரே ஒரு விந்து சேகரிப்பு. மார்ச் மாதம், இணைசேரும் பருவம் முடிகிற நேரம். விந்துநீரின் புரதங்களை ஆராயும் மாணவிக்கு அது வேண்டும். பெரியவர் ஓட்டிவந்திருந்த பெட்டைக்கும் அதுதான் வேண்டும். ஸ்கேனில், அதன் சினைப்பையில் முட்டையைத் தாங்கும் நுண்ணறை 13 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது, கருவூட்டலுக்குத் தயார். நான் பங்கு போட்டேன்.

ஒட்டக விந்து பாகு மாதிரி. குழாயில் உறிஞ்சினால் நூலாக இழுபடும். நுண்ணோக்கியில் விந்தணுக்கள் நீந்துவதில்லை, சிக்கிய இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பாயின் சேர்த்தால் சீக்கிரம் இளகும். ஆனால் அது புரதத்தை வெட்டும் நொதி. அதைப் போட்டுவிட்டு அதே விந்தில் புரதம் தேட முடியாது. அதனால் வெந்நீர்த் தொட்டியில் வைத்து, மெல்ல உறிஞ்சி உறிஞ்சி விட்டு இளக்கினோம். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுற்றினோம். மேலே நின்ற விந்துநீர் மாணவிக்கு, அடியில் படிந்த விந்தணு பெட்டைக்கு. கூடவே சினைமுட்டை வெளியேறத் தூண்டும் புசெரலின் என்ற ஹார்மோன் ஊசி.

பசு குறிப்பிட்ட நாள் சுழற்சியில் தானாகச் சினைமுட்டை விடும், ஒட்டகம் அப்படி விடாது. இணை சேர்ந்த பிறகுதான் விடும். அதைத் தூண்டுவது விந்திலேயே இருக்கிறது என்று இரட்டைத் திமில் ஒட்டகங்களை வைத்துச் சீன ஆய்வாளர்கள் 1985-இல் காட்டினார்கள். அந்தப் பொருள் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம்தான் என்பது ஒட்டகத்தின் தென் அமெரிக்க உறவான லாமாவின் விந்துநீரை ஆராய்ந்த கனடா குழு ஒன்றின் வழியாக 2012-இல் தெரிந்தது. ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986-இல் நோபல் பரிசு பெற்ற அதே மூலக்கூறு! கருப்பையிலிருந்து இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய், சினைமுட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. புசெரலின் இதே பாதையில் நடுவிலிருந்து நுழைகிறது. இரண்டு நாள் கழித்து ஸ்கேன் செய்தோம், நுண்ணறை உடைந்திருந்தது. ஊசி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

பெட்டை சினை பிடிக்கவில்லை. சினையான பெட்டை ஆண் ஒட்டகம் அருகே வந்தால் வாலைத் தூக்கும், இது தூக்கவே இல்லை.

ஒரு பெட்டையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. செயற்கைக் கருவூட்டலில் ஒட்டகம் பல முறை ஏமாற்றும். இயற்கையாகச் சேர்ந்தாலும் தவறும். இதை எத்தனையோ பேருக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் விந்துநீர் சினைமுட்டையை வெளியேற்றுவதோடு நின்றுவிடுவதில்லை. லாமாவில் அதன் பிறகு சினைப்பையில் உருவாகும் மஞ்சள் உடலம் என்ற திசுவையும் அது வலுப்படுத்துகிறது, கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. "அந்த வேலையை" என்று ஒருமையில் சொன்னேனே, அங்கேதான் இடறுகிறது. பெரியவருக்கு அவ்வளவும் விளக்கியிருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும்? சேகரிப்பு அப்போதும் ஒன்றுதான்.

அவர் கோபப்படவில்லை. "அடுத்த குளிருக்குப் பார்ப்போம்" என்றார். சினைக்காலமே பதின்மூன்று மாதம். இரண்டு ஆண்டுக்கு ஒரு கன்றுதான். நாட்டில் 2012-இல் நான்கு லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகிவிட்டன. ஒரு பருவம் வீணாவது மந்தை வைத்திருப்பவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

அதே வாரம், புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் மாணவியின் ஜெல்லில், நரம்பு வளர்ச்சிக் காரணி நிற்க வேண்டிய 13 கிலோடால்டன் பக்கத்தில் தடித்த பட்டை விழுந்தது. "சார், எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்" என்றாள். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

இந்தப் பருவத்தில் பிரித்த நீரில் ஒரு பங்கைப் பெட்டைக்கே கொடுப்போம் என்று சொல்லியிருக்கிறேன். விந்தணுவோடு திரும்பச் சேர்த்தால் பாகு மறுபடி சிக்கவைக்கும் என்கிறாள் மாணவி. லாமாவிலும் அதன் உறவான அல்பாக்காவிலும் தசையில் செலுத்தினாலே பலன் கிடைத்திருக்கிறது, அப்படிக் கொடுக்கலாமே என்றேன். கொடுத்தால் ஆராய்ச்சிக்கு மாதிரி போதாது என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். இன்னும் முடிவு செய்யவில்லை.