போய்ச் சேர வேண்டும் என்று பாட்டி சொல்லும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் போய் வருகிறேன். அங்கிருப்பவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருப்பான லயமும் இல்லாமல் போன பிறகு போக்கிடமின்றி வந்தவர்கள். "சீக்கிரம் போய்ச் சேர்ந்துடணும், தம்பி" என்று யாராவது சொல்லாத வாரமே இல்லை. "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவேன்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் முதியோர் பராமரிப்பு வேலை பார்க்கும் என் தங்கைக்கு அது பிடிக்கவில்லை. அவள் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2023 ஜனவரி 1 முதல், தீராத நோயாளி தன் விருப்பத்தின்பேரில் மருத்துவ உதவியோடு மரணமடையச் சட்டம் இடம் தருகிறது. ஆனால், முதுமை மட்டுமே அதற்குக் காரணமாகாது. 12 மாதங்களுக்குள் உயிரைப் பறிக்கும் என்று கருதப்படும் நோய் இருக்க வேண்டும், முடிவெடுக்கும் தெளிவு இருக்க வேண்டும், யாருடைய வற்புறுத்தலும் இருக்கக் கூடாது. மூன்று முறை கேட்க வேண்டும், இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே ஆராய வேண்டும், எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று விலகிவிடலாம். தங்கையைப் போன்ற பராமரிப்பாளர் தாமாக அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. முதியவரே கேட்டால் தகவல் தரலாம். "அவங்க கேட்டா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துடுவேன், அண்ணா" என்றாள்.

மலேசியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. தற்கொலைக்கு உடந்தையாக இருப்பது இன்றும் குற்றமே. வலி தணிப்புப் பராமரிப்பு தோட்டப்புறத்துக்கு முழுமையாக வந்து சேராத நிலையில், அத்தகைய சட்டத்தை இங்கே கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால், உட்கார்ந்து கேட்பதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.

புற்றுநோய் எலும்புவரை பரவிய ஒரு பாட்டி, "ஊசி போட்டு அனுப்பிடச் சொல்லுய்யா" என்றபோது, முதன்முறையாக நகராமல் உட்கார்ந்து, "எது பாட்டி ரொம்பத் தாங்க முடியல?" என்று கேட்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, கைலியின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே, "ராத்திரி கூப்பிட்டா யாரும் வர்றதில்ல. விடியிற வரைக்கும் ஈரத்திலேயே கிடக்கிறேன்" என்றார். மாலையில் தரும் வலி மாத்திரை நள்ளிரவுக்குமேல் தாங்குவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மார்ஃபின் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று இல்லத்தில் தயங்கியிருக்கிறார்கள். வலி வந்த பிறகு ஓடாமல், வேளை தவறாமல் அளவோடு கொடுக்க வேண்டிய மருந்து அது என்று மருத்துவர் வந்து விளக்கிய பிறகே தயக்கம் நீங்கியது. கட்டில் கம்பியில் ஒரு பித்தளை மணியைக் கட்டினோம்.

அந்தப் பேச்சு முற்றிலும் நின்றுவிடவில்லை. போன சனிக்கிழமையும் சொன்னார். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலி இல்லய்யா. ஜொகூர்ல இருக்கிற மவன் குரலக் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். எண்ணைத் தேடி எடுத்து அழைத்து, கைப்பேசியை அவர் காதருகே பிடித்துக்கொண்டேன்.